பேர் பதியும் பணி

நோர்வூட் வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களிலே 'பேர்' என்னும் சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. காலையிற் பெரட்டுக்களத்திலே கூடி, மலையேறிக் கொழுந்து பறித்து, மாலையில் நிறுத்துக் கொடுத்த தொழிலாளியின் ஒருநாட் கூலிக்குப் 'பேர்' என்றே பெயர். நிறை குறைந்தால் 'அரைப்பேர்' என்பர். செக்ரோலிலே பேர் ஏறாத நாள், எத்துணை வியர்வை சிந்தியிருப்பினும், உழைக்காத நாளாகவே எண்ணப்படும்.

பெயர்ப் பதிவிலே நேரும் பிழைக்கு மலையகத்தார் கொடுத்த விலையும் சிறிதன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட மக்கள், தம்மை இன்னார் என்று மெய்ப்பிக்கப் பத்திரம் தேடி அலைந்தனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையில் அந்த அலைச்சல் முற்றாக ஓயவில்லை. பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும் தோட்டப் பதிவேட்டில் வேறுவிதமாகவும் எழுதப்பட்ட ஒரு பெயர், ஒரு குடும்பத்தின் வாழ்வையே தடுமாறச் செய்யக்கூடும் என்பதை இங்குள்ளோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இதே தொல்லை வேறொரு வகையில் நம் பல்கலைக்கழகங்களிலும் இருக்கின்றது. விரிவுரையாளர் ஒருவர் பல்லாண்டு உழைத்து எழுதிய கட்டுரைகள் அவர் பேரிலே ஏறாது போகின்றன. ஏறாது போவதனால் இழப்பவர் அவர் மட்டுமல்லர்; அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அந்த மக்களும் இழக்கின்றனர். தோட்டத்து மக்களின் கல்வி, உணவு, லயக் குடியிருப்பு, கூலி, மண்சரிவு ஆகியன பற்றி ஆராய்ந்தோர் பலர். அந்த ஆராய்ச்சிகள் எங்கே உள்ளன, எழுதியவர் யார், இப்பொழுது எங்கே பணியாற்றுகின்றார் என்று கேட்டால், ஒரே இடத்திலிருந்து விடை கிடைப்பதில்லை.

காரணத்தை ஆராய்வோம். தமிழருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொண்டு தம் பெயரை எழுதுவதே நம் மரபு. மேனாட்டுச் சஞ்சிகைகளோ இறுதிச்சொல்லைக் குடும்பப்பெயராகக் கொள்கின்றன. தம் பெயரை முன்னும் தந்தை பெயரைப் பின்னும் எழுதிய ஆராய்ச்சியாளரின் படைப்பு, அந்தக் கணக்கில் தந்தையின் பேரிலே ஏறிவிடுகின்றது. திருமணத்திற்குப் பின் முதலெழுத்தை மாற்றிக்கொண்ட பெண் அறிஞரோ, பட்டியலிலே இருவராகப் பிரிந்து நிற்கின்றார். எழுத்துக்கூட்டலின் தொல்லை இதனினும் பெரிது. பேராசிரியர் சிவத்தம்பி ஆங்கிலத்தில் எழுதியபோது தம் பெயரை 'எஸ்' என்னும் எழுத்திலே தொடங்கினார். தமிழை எழுத்துக்கு எழுத்து உரோமன் வரிவடிவிற் பெயர்க்கும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் விதிப்படி அதே பெயர் 'சி' என்னும் ஆங்கில எழுத்திலே தொடங்கும். விவரம் அறியாத இயந்திரம் ஒருவரை இருவர் என்றே எண்ணும்.

இப்பிரச்சினை கணினியோடு பிறந்ததன்று. நூலகர்கள் இதனை அட்டைப்பட்டியற் காலத்திலேயே எதிர்கொண்டனர். 1961ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரிலே கூடிய பன்னாட்டு நூற்பட்டியல் மாநாடு, பல சொற்களாலான ஓர் ஆசிரியர் பெயரில் எச்சொல்லை முதன்மையாகக் கொள்வது என்பதை, இயன்றவரை அவ்வாசிரியரின் நாட்டு வழக்கே தீர்மானிக்க வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது. ஒருவருடைய பல பெயர்வடிவங்களையும் ஒன்றோடொன்று தொடுத்து, அனைத்தும் இவரையே குறிக்கும் என்று நிறுவும் பதிவு, நூலகக்கலையின் பழைய கருவி. சீர்காழியிற் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான எஸ். ஆர். இரங்கநாதன் வாசகரின் காலத்தைக் காப்பதையும் நூலகத்தின் விதிகளுள் ஒன்றாக வகுத்தார். சரியான பெயர்ப்பதிவே அதற்கு முதற்படி.

பின்னர் கணினி வந்தது. வேகம் வந்தது, ஆயினும் பழைய அறிவு பல இடங்களிலே பின்தங்கிவிட்டது. பல்கலைக்கழகம் ஒன்றிலே, நியமனக் கடிதத்தில் உள்ள பெயர் ஸ்தாபனப் பிரிவிலே கிடக்கும். வெளியீடுகளின் விவரம் நூலகத்திலே கிடக்கும். ஆராய்ச்சிக்குக் கிடைத்த நிதியின் கணக்கு நிதிப்பிரிவிலே கிடக்கும். இவற்றைப் பிணைக்கும் இயந்திரமும் வலைத்தொடர்பும் தகவல் தொழில்நுட்பப் பிரிவின் கையில் இருக்கும். பதவியுயர்வு நெருங்கும்போது விரிவுரையாளர் இவையனைத்தையும் மீண்டும் தாமே தேடித் தொகுத்து எழுதுகின்றார். அடுத்த முறையும் அதே வேலை தொடக்கத்திலிருந்து தொடங்கும்.

இதற்கு மாற்று உண்டு என்பதை உலகிலே சிலர் செய்து காட்டியுள்ளனர். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நூலகமும் ஹியூலெட் பக்கார்ட் ஆய்வுகூடமும் கூடி உழைத்து, 2002ஆம் ஆண்டு 'டிஸ்பேஸ்' என்னும் மென்பொருளை வெளியிட்டன. ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் சேமித்து வைக்கும் எண்ணிமக் களஞ்சியம் அது. எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். 2003ஆம் ஆண்டு கோர்னெல் பல்கலைக்கழக நூலகத்திலே 'விவோ' என்னும் முறை தோன்றியது. களஞ்சியம் கட்டுரையைச் சேமிக்கும். இதுவோ ஆளை மையமாகக் கொள்ளும். ஓர் அறிஞரின் துறை, ஆராய்ச்சி, நிதி, உடனுழைப்போர், வெளியீடுகள் அனைத்தும் ஒரு முடிச்சிலே வந்து சேரும். 2012ஆம் ஆண்டிலோ 'ஓர்கிட்' எனும் அமைப்பு ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் 16 இலக்கம் கொண்ட ஓர் அடையாள எண்ணை வழங்கத் தொடங்கியது. பெயர் எவ்வாறு எழுதப்படினும் எண் மாறாது. இந்தியாவிலே காந்திநகரில் உள்ள 'இன்பிலிப்நெட்' நிலையம், அறிஞர் விவரத்திற்கு 'வித்வான்' என்றும் ஆய்வேடுகளுக்குச் 'சோத்கங்கா' என்றும் நாடு தழுவிய ஏற்பாடுகளை நடத்துகின்றது.

நம் நாட்டிலும் அடித்தளம் இல்லாமலில்லை. பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களின் நூலகங்கள் எண்ணிமக் களஞ்சியங்களை நடத்துகின்றன. பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பும் இருக்கின்றது. பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, 2005ஆம் ஆண்டு தன்னார்வலராற் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், மலையக வெளியீடுகள் உட்பட ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் காத்துத் தருகின்றது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்ட ஒரு சமூகத்திற்கு, ஒரு பிரதி ஓரிடத்தில் மட்டும் இருத்தலின் ஆபத்தை வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

எனினும் இயந்திரத்தை வாங்கிவிட்டால் வேலை முடிந்துவிடாது. ஓர் உதாரணம் கூறுவோம். 'பாமினி' முதலிய பழைய எழுத்துருக்களிலே தட்டச்சான கட்டுரை, திரையிலே தமிழாகத் தோன்றினும், கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துக்களாகவே கிடக்கும். 'நோர்வூட்' என்று தேடுவோர்க்கு அது அகப்படாது. 1991ஆம் ஆண்டு முதலே தமிழுக்கு இடமளித்த யூனிகோடுக் குறியீட்டுக்கு அக்கோப்பை மாற்றித் தருவது கணினியாளரின் பணி. மாற்றியபின் பிழை பார்த்து, பொருட்டலைப்பும் இடப்பெயரும் சேர்ப்பது நூலகரின் பணி. இடப்பெயரும் எளிதன்று. நோர்வூட் என்றும் நோர்வுட் என்றும் ஊரின் பெயரே இருவகையாக எழுதப்படுகின்றது. தோட்டங்களுக்கோ ஆங்கிலத்தில் ஒரு பெயரும் தொழிலாளர் வழக்கிலே வேறொரு தமிழ்ப்பெயரும் வழங்குவதுண்டு. இரண்டையும் ஒன்றெனப் பிணைக்க இயந்திரம் மட்டும் போதாது. ஊரறிந்தவர் ஒருவர் வேண்டும்.

இவ்விடத்தில் ஓர் அச்சத்தையும் மறைக்கலாகாது. அறிஞரின் ஆக்கங்களையெல்லாம் பதிந்து எண்ணத் தொடங்கினால், அப்பதிவு நிறை பார்க்கும் தராசாக மட்டும் மாறிவிடாதா? நியாயமான ஐயமே. இன்று உலகெங்கும் மதிப்புப் பெற்ற மேற்கோட் சுட்டிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சஞ்சிகைகளையே கணக்கில் எடுக்கின்றன. தமிழிலே எழுதப்பெற்ற ஓர் ஆய்வு எத்துணை ஆழமுடையதாயினும், அங்கே அதற்கு அரைப்பேரும் கிடைப்பதரிது. ஆதலால் அயலார் தயாரித்த பட்டியலை இறக்கி ஒட்டிக்கொள்வதோடு நம் பல்கலைக்கழகங்கள் அமையலாகாது. தமிழ் நூல், கருத்தரங்கக் கட்டுரை, இலக்கியச் சிற்றிதழ், நாளிதழ்க் கட்டுரை ஆகியவற்றையும் தம் நூலகரே தேடிப் பதியவேண்டும். எண்ணுவதற்காக மட்டுமன்றிக் கண்டெடுப்பதற்காகவும் பதிவு அமைதல் வேண்டும்.

அதனால் விளையும் பயனை எண்ணிப் பார்க்கலாம். நோர்வூட்டிலே ஓர் ஆசிரியை, தம் மாணவர் இடைநிற்பதன் காரணத்தை ஆராய விரும்புகின்றார் என்று வைத்துக்கொள்வோம். இன்று அவர் விடுமுறை நாளொன்றில் ஹற்றன் சென்று, நாவலப்பிட்டி, கம்பளை கடந்து பேராதனைக்குப் போய், யாரைக் கேட்பது என்று அறியாமலே திரும்ப நேரலாம். பதிவு சீராக அமைந்த நாளில், தம் பாடசாலையிலிருந்தே, இப்பொருளை ஆராய்ந்தோர் யார் யார், அவருள் இன்றும் கற்பிப்போர் எவர், ஆய்வேடு எங்குள்ளது என்பதை அறிவார். முன்னோர் நின்ற இடத்திலிருந்து தம் ஆய்வைத் தொடங்குவார். நாளை அவருடைய ஆய்வும் அப்பதிவிலே ஏறும். ஆராயப்பட்ட மக்களே ஆராய்வோராகவும் நிற்கும் நிலை அதுவே.

இதற்குப் பெருஞ்செலவு முதலில் வேண்டியதில்லை. நூலகரும் கணினிப் பிரிவினரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒரே பட்டியலைப் பேணுவது என்று தீர்மானித்தால் போதும். எழுதுவோரும் தம் பங்கைச் செய்யவேண்டும். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வடிவத்தில் எழுதுக. அடையாள எண் பெறுக. கட்டுரையின் ஒரு பிரதியை நூலகத்திற்குக் கொடுக்க மறவாதிருக்க. பட்டமேற்படிப்பு முடித்த ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். தம் ஆய்வேட்டை அலுமாரியிலே வைத்துப் பூட்டாதிருப்பாராக.

பெரட்டுக்களத்திலே ஒருவருடைய பேர் விடுபட்டால் அன்று மாலையே கேட்டுத் திருத்திக்கொள்ள முயல்வது தோட்டத்தார் வழக்கம். அறிவுலகிலே விடுபட்ட பேர்களையும் அவ்வாறே கேட்டுத் திருத்தவேண்டும். காலந்தாழ்த்தினால் கேட்பதற்கு ஆளும் இரார், காட்டுவதற்குப் பிரதியும் இராது.