டெலிட் பண்ண ஆபிஸ் மெயில் எத்தனை நாள் வரை திரும்பக் கிடைக்கும்? இந்த 14 நாள் கணக்கு உங்களுக்குத் தெரியுமா?

இன்பாக்ஸ் நிரம்பி வழிகிறதே என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து, பழைய மெயில்களை மொத்தமாக டெலிட் செய்கிறீர்கள். டெலிட்டட் ஐட்டம்ஸ் ஃபோல்டரையும் காலி செய்துவிடுகிறீர்கள். மூன்று வாரம் கழித்து ஹெச்.ஆர். கூப்பிட்டு, "இன்சென்டிவ் தர்றதா மேனேஜர் அனுப்பின மெயில் இருக்கா?" என்று கேட்கிறார். தேடினால் இல்லை. 'ஐயோ, அதையும் சேர்த்து டெலிட் பண்ணிட்டோமே!'

அந்த மெயில் உண்மையிலேயே போய்விட்டதா? ஐ.டி. டீமிடம் கேட்டால் கிடைக்குமா? டெலிட் செய்து எத்தனை நாள் ஆகிறது, உங்கள் ஆபிஸ் எத்தனை நாள் கெடு வைத்திருக்கிறது என்ற இரண்டையும் பொறுத்துதான் பதில். விரிவாகப் பார்க்கலாம்.

டெலிட் செய்த மெயில் எங்கே போகிறது?

பல ஆபிஸ்களில் பயன்படுத்தப்படும் மைக்ரோசாஃப்ட் 365-ஐ எடுத்துக்கொள்வோம். அவுட்லுக்கில் டெலிட் கொடுத்ததும் மெயில் முதலில் டெலிட்டட் ஐட்டம்ஸ் ஃபோல்டருக்குப் போகும். இது வீட்டில் இருக்கும் குப்பைக்கூடை மாதிரி. கையை விட்டு எடுத்துக்கொள்ளலாம்.

அந்த ஃபோல்டரை காலி செய்தாலோ, ஷிஃப்ட் + டெலிட் அழுத்தினாலோ, மெயில் 'ரெக்கவரபிள் ஐட்டம்ஸ்' என்ற இடத்துக்குப் போகும். இது சாதாரணமாக நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மெயில் சர்வரில்தான் இருக்கும். இங்கே கெடு முடிந்ததும் சர்வரே அதை நிரந்தரமாக அழித்துவிடும்.

14 நாளா, 30 நாளா? யார் முடிவு செய்வது?

எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் இந்தக் கெடு வழக்கமாக 14 நாள். இதை அதிகபட்சம் 30 நாள் வரை உயர்த்தலாம். ஆனால் அதை நீங்கள் மாற்ற முடியாது. உங்கள் ஆபிஸின் ஐ.டி. அட்மின்தான் பவர்ஷெல் கட்டளை மூலம் மாற்ற வேண்டும். யாரும் கவனிக்காத ஆபிஸில் அது 14 நாளாகவே இருக்கும்.

இதில் அட்மின்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இப்போது இருக்கும் மெயில்பாக்ஸ்களுக்கு மட்டும் 30 நாள் என்று மாற்றினால் போதாது. 'மெயில்பாக்ஸ் பிளான்' என்ற அமைப்பிலும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் அடுத்த மாதம் சேரும் புது ஊழியருக்கு மறுபடியும் 14 நாள்தான் கிடைக்கும்.

நாள் கணக்கு எப்போது தொடங்கும்?

மெயில் வந்த தேதியிலிருந்து இல்லை. கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டாவது இடத்துக்குப் போன நாளிலிருந்துதான் கணக்கு. ஜூன் 1-ல் டெலிட் செய்து, ஜூன் 10-ல் ஃபோல்டரை காலி செய்தால், 14 நாள் கணக்கு ஜூன் 10-ல் தொடங்கி ஜூன் 24-ல் முடியும். அதற்குப் பிறகு கெடுவை 30 நாளாக மாற்றினாலும், போன மெயில் போனதுதான்.

ஜிமெயில் பயன்படுத்தும் ஆபிஸ் என்றால்?

கூகுள் வொர்க்ஸ்பேஸில் கணக்கு வேறு. டெலிட் செய்த மெயில் டிராஷ் ஃபோல்டரில் 30 நாள் இருக்கும். அங்கிருந்தும் போன பிறகு, அட்மின் நினைத்தால் 25 நாளுக்குள் மீட்டுத் தரலாம். ஆக மொத்தம் 55 நாள் வரை வாய்ப்பு உண்டு. ஆனால் டிராஷை நீங்களே காலி செய்துவிட்டால் முதல் 30 நாள் கிடையாது. அன்றிலிருந்தே அந்த 25 நாள் ஓடத் தொடங்கும்.

நீங்களே மீட்பது எப்படி?

* முதலில் டெலிட்டட் ஐட்டம்ஸ் ஃபோல்டரில் தேடுங்கள்.
* அங்கே இல்லையென்றால், அதே ஃபோல்டரில் இருந்தபடி 'ரெக்கவர் டெலிட்டட் ஐட்டம்ஸ் ஃப்ரம் சர்வர்' என்பதை கிளிக் செய்யுங்கள். பிரவுசரில் திறந்தால் ஃபோல்டரின் மேலேயே இதற்கான லிங்க் இருக்கும்.
* வரும் பட்டியலில் மெயிலைத் தேர்வு செய்து 'ரீஸ்டோர்' கொடுங்கள். இன்பாக்ஸில் தெரியவில்லையென்றால் டெலிட்டட் ஐட்டம்ஸிலும் பாருங்கள்.
* அந்தப் பட்டியலிலும் இல்லையா? அன்றைக்கே ஐ.டி. டீமுக்கு எழுதுங்கள். பட்டியலில் இருந்தே நீங்கள் அழித்திருந்தாலும், கெடு முடியாதவரை அட்மினால் எடுக்க முடியும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. உங்கள் மெயில்பாக்ஸில் போனாலும், அனுப்பியவரிடமும் சிசி-யில் இருந்தவர்களிடமும் அதன் நகல் இருக்கலாம். ஒவ்வொரு மெயில்பாக்ஸுக்கும் கணக்கு தனித்தனி.

சிக்கல் எங்கே வருகிறது?

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ம் ஆண்டு சட்டப்படி, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் வரை அவகாசம் தரவும் இடம் உண்டு. பயம், தயக்கம், வேலை போய்விடுமோ என்ற கவலை எல்லாவற்றையும் தாண்டி வர நாளாகும் என்பதால்தான் இந்த அவகாசம்.

ஆனால் தொந்தரவு தரும் மெயிலைப் பார்த்ததும் பலர் செய்வது என்ன? கண்ணில் படவே கூடாது என்று அப்போதே டெலிட் செய்வதுதான். சட்டம் 3 மாதம் தருகிறது. மெயில் சர்வர் 14 நாள்தான் தருகிறது. புகார் கொடுக்கும் துணிச்சல் வரும்போது ஆதாரம் இல்லாமல் போய்விடலாம். அப்படிப்பட்ட மெயிலை டெலிட் செய்யாமல் தனி ஃபோல்டருக்கு மாற்றி வையுங்கள்.

புகார், வழக்கு என்று வந்துவிட்டால், 'லிட்டிகேஷன் ஹோல்டு' என்ற வசதியை அட்மின் போடலாம். அதன் பிறகு அந்த மெயில்பாக்ஸில் யார் எதை டெலிட் செய்தாலும் சர்வரில் அழியாது. ஆனால் எல்லா பிளானிலும் இது கிடையாது. ஹோல்டு போடுவதற்கு முன்பே அழிந்ததும் திரும்பி வராது. அதனால் புகார் மனுவிலேயே 'தொடர்புடைய மெயில்களைப் பாதுகாக்க வேண்டும்' என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அப்போ எல்லாவற்றையும் எப்போதும் வைத்திருக்கலாமே?

அதுவும் சரியில்லை. இடம் ஒரு பிரச்னை. அதைவிட, மெயில்களில் வாடிக்கையாளர்கள், ஊழியர்களின் சொந்த விவரங்கள் இருக்கும். தேவை முடிந்த தனிநபர் தரவுகளை அழிக்க வேண்டும் என்பது 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளில் ஒன்று. அதனால் எதை எவ்வளவு நாள் வைப்பது என்று ஆபிஸ் யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வேலையை விட்டுப் போனால்?

உங்கள் கணக்கையே நீக்கிவிட்டால், மைக்ரோசாஃப்ட் 365-ல் 30 நாளுக்குள்ளும், கூகுளில் 20 நாளுக்குள்ளும் அட்மின் அதை மீட்கலாம். அதற்குப் பிறகு கஷ்டம். எனவே ஆஃபர் லெட்டர், சம்பள ரசீது, ரிலீவிங் லெட்டர் போன்ற உங்களுக்கான ஆவணங்களை கடைசி நாளுக்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். அதற்காக ஆபிஸ் மெயில்களை மொத்தமாக சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் செய்ய வேண்டாம். அது கம்பெனி விதிமீறலாகி, உங்கள் மேலேயே நடவடிக்கை வரலாம்.

இன்றைக்கே உங்கள் ஐ.டி. டீமிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம ஆபிஸ்ல டெலிட் பண்ண மெயில் எத்தனை நாள் இருக்கும்?" 14 நாள் என்று பதில் வந்தால், 30 ஆக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் 365-ல் அது ஒரு கட்டளை வேலைதான்.