பதவியில் இருக்கும்போதே பதக்கம் எதற்கு?

2019 ஏப்ரல் 4ஆம் தேதி, மக்களவைத் தேர்தலின் முதல் கட்ட வாக்குப்பதிவுக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கையில், ஐக்கிய அரபு அமீரகம் தனது மிக உயரிய விருதான ‘ஆர்டர் ஆஃப் சயீத்’தை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடிக்கு அறிவித்தது. ஆகஸ்ட் 24 அன்று அபுதாபியில் அவர் அதைப் பெற்றுக்கொண்டார். அதே பயணத்தில் பஹ்ரைனும் தன் விருதை வழங்கியது. சவூதி அரேபியா 2016இலேயே அணிவித்துவிட்டது. குவைத் 2024 டிசம்பரில் அணிவித்தது. ஆளுங்கட்சிக்காரர்கள் நாட்டுக்கே பெருமை என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் தேர்தல் நேரத்து அன்பளிப்பு என்றார்கள். மோடி அதற்குத் தகுதியானவரா என்பதே இரு தரப்புக்கும் பேச்சாக இருந்தது. ஆனால் ‘ஆர்டர் ஆஃப் சயீத்’தைப் பெற்ற மற்றவர்களைப் பாருங்கள்: ரஷ்யாவின் புதின், பிரிட்டனின் இரண்டாம் எலிசபெத், சீனாவின் ஷி ஜின்பிங், 2025இல் அமெரிக்காவின் டிரம்ப். கொள்கையிலும் குணத்திலும் எந்த ஒற்றுமையும் இல்லாத இவர்களை இணைப்பது, விருது கிடைத்த நாளில் இவர்கள் நாட்டின் தலைமையில் இருந்தார்கள் என்பது ஒன்றே. இங்கே கௌரவிக்கப்படுவது நாற்காலிதான். அரபு அரசவைகளில் இது விருந்தினர் மரியாதை. எண்ணெய், முதலீடு, பாதுகாப்பு என்று பேச வந்தவருக்குச் செய்யும் உபசாரம். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த உபசாரத்தை ஊருக்கு வந்து சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வதுதான் சிக்கல்.

அப்படியானால் அரசியல்வாதிக்கு எந்த விருதுமே தகாதா? அப்படிச் சொல்ல முடியாது. குவைத் மோடிக்கு அணிவித்த ‘முபாரக் அல் கபீர்’ விருதையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மூத்த ஜார்ஜ் புஷ் அதைப் பெற்றது 1993 ஏப்ரலில். அவர் பதவியிலிருந்து இறங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது, தேர்தலிலும் தோற்றிருந்தார். அவரிடமிருந்து குவைத் பெறுவதற்கு இனி எதுவும் இல்லை. சதாம் உசேனின் படை தங்கள் நாட்டை விழுங்கியிருந்த ஏழு மாதங்களும், 1991இல் கிடைத்த விடுதலையும் மட்டுமே கணக்கில் இருந்தன. அந்தப் போரைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், குவைத் மக்கள் பார்வையில் அது ஒரு குறிப்பிட்ட செயலுக்கான நன்றி. அதே விருது அதே அரசிடமிருந்து பதவியில் இருப்பவருக்குப் போகும்போது மரியாதையாகவும், பதவி இழந்தவருக்குப் போகும்போது நன்றியாகவும் ஆகிறது. ஆளைவிட நேரமே விருதின் பொருளை முடிவு செய்கிறது.

இந்த அளவுகோலை நம் பாரத ரத்னாவுக்கு வைத்துப் பார்த்தால் சங்கடமாகத்தான் இருக்கும். நேரு 1955இலும் இந்திரா காந்தி 1971இலும் பிரதமராக இருக்கும்போதே அதைப் பெற்றார்கள். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் மறைந்தார்; சில வாரங்களில் பாரத ரத்னா வந்தது; 1989 தொடக்கத்தில் தமிழ்நாட்டில் சட்டமன்றத் தேர்தல். அம்பேத்கருக்கு அது 1990இலும் வல்லபபாய் படேலுக்கு 1991இலும்தான் கிடைத்தது என்பதைச் சேர்த்துப் படித்தால் அவசரம் யாருக்கு இருந்தது என்று விளங்கும். 2024 தேர்தல் ஆண்டில், ஆண்டுக்கு மூவர் என்ற வரம்பைத் தாண்டி ஐவருக்கு அறிவித்தார்கள்; நால்வர் அரசியல் தலைவர்கள். பிகாரின் கர்ப்பூரி தாக்கூருக்கு அறிவித்த சில நாட்களில் அம்மாநிலத்தின் அப்போதைய முதல்வர் நிதிஷ் குமார் ஆளும் கூட்டணிக்கு மாறினார். சரண் சிங்குக்கு அறிவித்த பிறகு அவர் பேரனின் கட்சி ஆளும் அணியில் சேர்ந்தது. ஒன்றுக்காகத்தான் மற்றொன்று என்று நிரூபிக்க முடியாது. ஆனால் பிரதமர் பரிந்துரைக்க, குடியரசுத் தலைவர் வழங்குகிறார் என்பதற்கு மேல் வேறு நடைமுறையே இல்லாத ஒரு விருதில் அந்தச் சந்தேகத்தை நீக்கவும் வழியில்லை. சந்தேகத்தின் நிழல் விழுவது, உண்மையிலேயே ஏழைகளுக்காக உழைத்த கர்ப்பூரி தாக்கூர் மீதுதான்.

அரசியலும் பொதுத்தொண்டுதானே, பாடகருக்கும் விஞ்ஞானிக்கும் கொடுப்பதைப் பள்ளிக்கூடம் திறந்த முதலமைச்சருக்கு ஏன் மறுக்க வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. காமராஜரை மறுத்துவிட்டு ஒரு விருதுப் பட்டியல் போட்டால் அதற்கு மதிப்பேது? ஆனால் அரசியல்வாதிக்கு மட்டும் ஒரு தனி வசதி உண்டு: விருது தரும் அதிகாரமே அவர் கையில் அல்லது அவர் கட்சியின் கையில் இருக்கிறது. எந்தப் பாடகருக்கும் அது இல்லை. ஆகவே தடை வேண்டாம், காத்திருப்பு போதும். பதவி விலகியோ மறைந்தோ பத்து ஆண்டுகள் கழியட்டும். அதற்குள் ஆட்சி மாறியிருக்கும், கோப்புகள் வெளிவந்திருக்கும், தொண்டர்களின் கூச்சல் அடங்கியிருக்கும். அதன் பிறகும் நிற்பவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

அரசியல்வாதிகளை விலக்கினால் மட்டும் பட்டியல் தூய்மையாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. வளைகுடாவே அதற்குச் சாட்சி. 2008இல் எம்.ஏ. யூசுப் அலி, 2009இல் பி.ஆர். ஷெட்டி, 2010இல் ரவி பிள்ளை, 2011இல் ஆசாத் மூப்பன் என்று அடுத்தடுத்த நான்கு ஆண்டுகளில் வளைகுடாவின் நான்கு பெருந்தொழிலதிபர்கள் பத்மஸ்ரீ பெற்றார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கொடுத்தவர்கள், மறுக்கவில்லை. ஆனால் ஷெட்டி நிறுவிய என்.எம்.சி. மருத்துவக் குழுமம், பல நூறு கோடி டாலர் கடன் மறைக்கப்பட்டிருந்தது வெளிவந்து, 2020இல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகிகளின் பொறுப்புக்குப் போனது. தம் மீது தவறில்லை என்பது அவருடைய வாதம். அது நீதிமன்றங்கள் தீர்க்க வேண்டியது. உயரிய விருது கொடுத்தவர்கள் கணக்கைப் பின்னர் எப்போதாவது திருப்பிப் பார்க்கிறார்களா என்பதே நம் கேள்வி. வெளிநாடுவாழ் இந்தியருக்கும் இந்திய வம்சாவளியினருக்குமான பிரவாசி பாரதிய சம்மான் விருதும் கயானாவின் அதிபர் இர்ஃபான் அலிக்கும் டிரினிடாட் அதிபர் கங்காலுவுக்கும் பதவியில் இருக்கும்போதே போயிருக்கிறது. நடுவர் குழுவுக்குத் துணைக் குடியரசுத் தலைவர் தலைவர், வெளியுறவு அமைச்சர் துணைத் தலைவர் என்றிருக்கும்போது வேறு எப்படி இருக்கும்?

2024 ஜூனில் குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்து 45 இந்தியர்கள் இறந்தார்கள். ஏழு பேர் தமிழ்நாட்டினர். ஆறு மாதம் கழித்து இந்திய-குவைத் உறவுக்காக விருது பெற வந்த பிரதமர் தொழிலாளர் முகாம் ஒன்றுக்கும் போனார், அது நல்ல செயல். ஆனால் அந்த உறவை நாள்தோறும் தோளில் சுமப்பவர்கள் பெயர் விருதுப் பட்டியல்களில் ஏறுவது அரிது. அவர்கள் பெயரை ஏற்றுவது முடியாத காரியமும் அல்ல. அபுதாபியில் 2005 முதல் வழங்கப்படும் அபுதாபி விருதுக்கு எந்த நாட்டவரையும் பொதுமக்கள் பரிந்துரைக்கலாம். இறுதி முடிவு அரண்மனையுடையதுதான் என்றாலும் தொடக்கம் மக்களிடம் இருக்கிறது. வளைகுடாவில் இறந்தவர்களின் உடல்களை ஊருக்கு அனுப்பிவைக்கும் அஷ்ரப் தாமரசேரி 2015இல் பிரவாசி சம்மான் பெற்றதும் அப்படிப்பட்ட ஓர் அரிய தருணம். நம் விருதுகளுக்கு ஓய்வுபெற்ற நீதிபதிகளும் துறை அறிஞர்களும் மட்டுமே அமரும் குழு, அமைச்சருக்கும் அமைச்சரவைச் செயலருக்கும் அங்கே இடமில்லாமை, ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கக் காரணம், ஐந்தாண்டுக்கொரு மறுஆய்வு: இவை இருந்தால் அரிய தருணம் வழக்கமாகலாம்.

அதுவரை ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. 2016 முதல் பத்ம விருதுக்கு யார் வேண்டுமானாலும் இணையத்தில் பரிந்துரை அனுப்பலாம். துபாயிலும் தோஹாவிலும் மஸ்கட்டிலும் இருக்கும் தமிழ்ச் சங்கங்கள் அடுத்த விழாவுக்கு எந்த அமைச்சரை அழைப்பது என்று கூடிப் பேசும் நாளில், சம்பளம் வராத தொழிலாளிக்காகத் தூதரகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் நடக்கும் ஒருவரின் பெயரையும் எழுதி அனுப்புங்கள்.