உள்ளங்காலைப் பார்த்தீங்களா?



நம் எல்லாருடைய மாற்றுச் சான்றிதழிலும் 'அங்க அடையாளங்கள்' என்று ஒரு இடம் இருக்கும். சார் நம்மைப் பக்கத்தில் நிறுத்தி, கன்னம், கழுத்து, கை என்று தேடி, ரெண்டு மச்சத்தைக் கண்டுபிடித்து எழுதிவிடுவார். 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்', 'இடது முழங்கையில் ஒரு மச்சம்', இப்படி. ஆனால் யாருக்காவது 'உள்ளங்காலில் ஒரு மச்சம்' என்று எழுதியிருக்கா? இருக்காது. ஏன்னா அங்கே யாருமே பார்ப்பதில்லை. நான் இந்த வாரம் எழுதப் போவது அந்தப் பார்க்காத இடத்தைப் பற்றித்தான்.

மச்சம் என்றால் என்ன?

நம் தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்ற பொருள். அதைத் தயாரிக்கும் செல்களுக்கு மெலனோசைட் என்று பெயர். இந்தச் செல்கள் ஒரே இடத்தில் கூட்டமாகச் சேர்ந்தால் அதுதான் மச்சம். மச்ச பலன் பார்த்து 'பணக்காரன் ஆவாய்' என்று சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கிட்டத்தட்ட எல்லா மச்சமும் சாதுவானதுதான். ஆயுள் முழுக்க அப்படியே இருந்துவிட்டுப் போகும்.

ஆனால் அபூர்வமாகச் சில நேரம் இந்தச் செல்கள் கட்டுப்பாடு இல்லாமல் பெருக ஆரம்பிக்கும். அதுதான் மெலனோமா என்ற தோல் புற்றுநோய். இருக்கிற மச்சத்திலும் வரலாம், ஒன்றுமில்லாத இடத்தில் புதுப் புள்ளியாகவும் வரலாம்.

"அது வெள்ளைக்காரங்களுக்கு வர்ற நோய்தானே?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் வெளிர்தோல் மக்களுக்கு வெயிலால் இது அதிகம் வருகிறது. நமக்கு மெலனின் அதிகம் இருப்பதால் அந்த ஆபத்து ரொம்பக் குறைவு. அதற்காக நமக்கு வரவே வராது என்று சொல்ல முடியாது. நம்மைப் போன்ற கருநிறத் தோல்காரர்களுக்கு மெலனோமா வந்தால், பெரும்பாலும் அது வெயில் படாத இடத்தில்தான் வரும். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்!

பாப் மார்லி என்ற பாடகரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜமைக்கா நாட்டுக்காரர். கால்பந்து என்றால் உயிர். 1977-ல் அவருடைய கால் பெருவிரல் நகத்தில் ஒரு புண். பந்து விளையாடி அடிபட்டதுதான் என்று நினைத்தார்கள். டாக்டர்கள் சோதித்தபோது அது மெலனோமா. விரலை எடுக்கச் சொன்னார்கள், அவர் சம்மதிக்கவில்லை. நகத்தையும் சுற்றியுள்ள தோலையும் மட்டும் எடுத்தார்கள். நோய் உள்ளுக்குள் பரவி, 1981 மே 11-ல் இறந்துபோனார். வயசு 36தான்.

எங்க ஆச்சி கதை

எங்க ஆச்சி முத்தையாபுரம் பக்கம் உப்பளத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உப்பு வாருகிறவர். காலெல்லாம் வெடிப்பும் ஆணியுமாக இருக்கும். போன வருஷம் ஒரு நாள் ஆச்சி காலை நீட்டிப் படுத்திருந்தபோது, குதிகால் பக்கம் கறுப்பாக ஒரு புள்ளி பார்த்தேன். சட்டைப் பட்டன் அளவு இருந்தது.

"என்ன ஆச்சி இது?"

"ஏட்டி, அது ஆணிதான். உப்புத் தண்ணில நிக்குத காலு வேற எப்படி இருக்கும்? அப்பப்ப பிளேடால சீவி விட்டுருவேன்."

அறிவியல் டீச்சரிடம் சொன்னேன். "ஆணியா இல்லையான்னு நீ முடிவு பண்ணாதே, ஆச்சியும் முடிவு பண்ண வேண்டாம். தோல் டாக்டர் பார்க்கட்டும்" என்றார். ஆச்சியைக் கூட்டிப் போவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "ஒரு நாள் கூலி போயிருமே" என்பதுதான் அவர் கவலை. கடைசியில் அம்மா சத்தம் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். நானும் போனேன்.

ஓபி சீட்டு வாங்கி, தோல் நோய்ப் பிரிவில் வரிசையில் உட்கார்ந்தோம். டாக்டரம்மா வெளிச்சம் வரும் ஒரு சின்ன பூதக்கண்ணாடியை ஆச்சி காலில் வைத்துப் பார்த்தார். அதற்கு டெர்மோஸ்கோப் என்று பெயராம். நம் உள்ளங்காலில் ரேகை இருக்கிறதல்லவா, அதில் மேடும் பள்ளமும் வரி வரியாக இருக்கும். சாதாரண மச்சம் என்றால் கறுப்பு நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும். மெலனோமா என்றால் மேட்டில் ஓடும். இதை விவரமாகக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் ஜப்பான் டாக்டர்கள்.

"ஆச்சி, நீங்க பிளேடு போட்டுப் போட்டு வரியெல்லாம் கலைஞ்சு கெடக்கு. கண்ணாடில தெளிவா சொல்ல முடியலை. ஒரு சின்னத் துண்டு எடுத்து லேபுக்கு அனுப்பிருவோம்" என்றார் டாக்டரம்மா.

"கத்தி வச்சா பரவிரும்னு சொல்லுவாவளே?"

"அதெல்லாம் சும்மா. எடுத்துப் பார்க்கிறதால பரவாது. பார்க்காம விட்டாத்தான் பரவும்."

மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்சம் சதை எடுத்து, ஒரு தையல் போட்டார்கள். முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஆச்சி மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தார். ஆனால் ராத்திரி எழுந்து உட்கார்ந்து காலைத் தடவிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. ஆணியும், உள்ளே கட்டிப்போன பழைய ரத்தமும்தான். ஆச்சி உடனே, "பாத்தியா, ஒண்ணுமில்லாததுக்கு ரெண்டு நாள் கூலி போச்சு" என்றார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்லைன்னு இப்பத்தான ஆச்சி நமக்குத் தெரியும்" என்றார்.

ஏன் சீக்கிரம் பார்க்கணும்?

மெலனோமாவில் முக்கியமான கணக்கு அதன் ஆழம்தான். 1970-ல் பிரெஸ்லோ என்ற டாக்டர் இதைக் கண்டறிந்தார். ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருந்தால், அந்த இடத்தை வெட்டி எடுத்தாலே பெரும்பாலானவர்கள் குணமாகிவிடுவார்கள். ஆழம் கூடக் கூட நோய் ரத்தத்திலும் நிணநீரிலும் கலந்து நுரையீரல், மூளை வரை போகும். உங்கள் ஸ்கேலில் ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு என்று பாருங்கள். அவ்வளவு சின்ன வித்தியாசம்தான்!

எதைப் பார்த்தால் டாக்டரிடம் போகணும்?

1. வடிவம்: நடுவில் கோடு போட்டால் ரெண்டு பாதியும் ஒன்றுபோல இல்லை.
2. ஓரம்: வட்டமாக இல்லாமல் கடற்கரை ஓரம் மாதிரி நெளிந்து, மங்கிப் போகிறது.
3. நிறம்: ஒரே மச்சத்தில் கறுப்பு, பழுப்பு, சிவப்பு என்று பல நிறம்.
4. அளவு: 6 மில்லிமீட்டருக்கு மேல். பென்சிலின் ரப்பர் முனை அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.
5. மாற்றம்: வளர்கிறது, நிறம் மாறுகிறது, அரிக்கிறது, ரத்தம் கசிகிறது. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்.
6. நகம்: நகத்தில் கருங்கோடு. நம்மில் பலருக்கு இது சாதாரணமாகவே இருக்கும். ஆனால் பெரியவர்களுக்கு ஒரே ஒரு விரலில் புதிதாக வந்தாலோ, அகலமாகிக்கொண்டே போனாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலுக்குப் பரவினாலோ காட்ட வேண்டும். அடிபட்ட ரத்தம் என்றால் நகம் வளர வளர முன்னால் நகர்ந்து போய்விடும். நகராமல் நின்றால் சந்தேகம்.
7. ஆறாத புண்: ஒரு மாதம் ஆகியும் ஆறாத புண், பழைய தீக்காயத் தழும்பில் புதுப் புண். இதிலும் வேறு வகைத் தோல் புற்றுநோய் வரலாம்.

செய்யக் கூடாதவை

பிளேடால் சீவாதீர்கள். சுண்ணாம்பும் சோப்பும் குழைத்து வைத்துச் சுடாதீர்கள். முடி கட்டி அறுக்காதீர்கள். அதன் மேல் பச்சை குத்தி மறைக்காதீர்கள். வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டால், அது என்ன என்று கண்டுபிடிக்க டாக்டருக்கு ஒன்றும் மிஞ்சாது.

நாம் செய்ய வேண்டியது

நம் வயசில் இந்த நோய் வருவது மிக மிக அபூர்வம். பயப்பட வேண்டாம். பெரும்பாலும் ஐம்பது வயசுக்கு மேல்தான் வரும். ஆனால் அந்த வயசில் குனிந்து தன் உள்ளங்காலைப் பார்க்க முடியுமா? கண்ணும் சரியாகத் தெரியாது. தருவைகுளம், வேப்பலோடை உப்பளத்தில் நிற்கிறவர்கள், திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கப் போகிறவர்கள், ஹார்பரில் சுமை தூக்குகிறவர்கள், எல்லாரும் காலில் ஏதாவது வந்தால் "முள்ளு குத்திருக்கும்", "சிப்பி கிழிச்சிருக்கும்" என்று விட்டுவிடுவார்கள்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை. தாத்தா, ஆச்சி, அப்பா, அம்மா காலைக் கழுவித் துடைத்துவிட்டு, செல்போன் டார்ச் அடித்து உள்ளங்கால், விரல் இடுக்கு, நகம் எல்லாம் பாருங்கள். கறுப்பாக ஏதாவது இருந்தால் பக்கத்தில் ஸ்கேலை வைத்து ஒரு போட்டோ எடுங்கள். மேலே சொன்ன ஏதாவது ஒன்று இருந்தால் காத்திருக்காமல் தோல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இல்லையென்றால் அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடி எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். அரசு ஆஸ்பத்திரியில் பார்க்கக் காசு கிடையாது.

கூலி போயிரும் என்பார்கள். எங்க ஆச்சியும் அப்படித்தான் சொன்னார். இப்போது அவரே உப்பளத்தில் மற்ற ஆச்சிமாரிடம், "காலைக் காட்டுங்கட்டி, பாப்போம்" என்று கேட்கிறாராம்!