ஒற்றையடிப் பாதையில் நெடுந்தூர ஓட்டம்

நுழையும்முன்

ஓட்டம் என்றவுடன் விளையாட்டுத் திடலில் வரைந்த வெண்கோடுகளே நம் நினைவுக்கு வரும். வயல்வரப்பு, தோப்பு, ஆற்றங்கரை, குன்றுச்சரிவு ஆகியவற்றின் ஊடே ஓடும் ஓட்டமும் உண்டு. அத்தகைய நெடுந்தூர ஓட்டம் ஒன்று பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் மிக அருகில் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. அதைப் பற்றி இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

தட ஓட்டம்

சாலையில் ஓடுவது ஒரு வகை. இயற்கையான நிலத்தில், மண்ணும் கல்லும் வேரும் நிறைந்த பாதையில் ஓடுவது மற்றொரு வகை. பின்னதை உலகம் இன்று ‘டிரெயில் ரன்னிங்’ என்று அழைக்கிறது. நாம் அதனைத் தட ஓட்டம் எனலாம். மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். அதனினும் மிகுந்த தொலைவு ஓடுவோர் பலர் தட ஓட்டத்தையே விரும்புகின்றனர். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மலைகளில் குதிரைகளுக்கென நடத்தப்பட்ட 100 மைல் போட்டியில், கார்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரையின்றித் தம் கால்களாலேயே ஓடி, 24 மணி நேரத்திற்குள் இலக்கை அடைந்தார். அதன்பின் இத்தகைய ஓட்டங்கள் அந்நாட்டில் பரவின.

ஆனால் பாதையில் நெடுந்தூரம் ஓடும் பழக்கம் அன்று புதிதாகப் பிறந்ததன்று. நம் ஊர்ப்பகுதியில் அது வழிவழியாக வருவது.

சிவாலய ஓட்டம்

மாசி மாதச் சிவராத்திரியையொட்டிக் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளில் உள்ள பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு அடியவர்கள் ஓடிச் சென்று வழிபடுகின்றனர். இதுவே சிவாலய ஓட்டம். பேச்சுவழக்கில் ‘சாலய ஓட்டம்’ என்பர். சிவராத்திரிக்கு முந்தைய நாள் தொடங்கி, சிவராத்திரி இரவில் நிறைவுபெறும். மொத்தத் தொலைவு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்.

முஞ்சிறையில் சிறு குன்றின்மேல் அமைந்த திருமலைக் கோயிலே தொடக்க இடம். அங்கிருந்து தாமிரபரணிக் கரையிலுள்ள திக்குறிச்சி. பின்னர் கோதையாற்று அருவியின் அருகே திற்பரப்பு. பழமையான குடைவரைக் கோயிலால் புகழ்பெற்ற திருநந்திக்கரை. அதன்பின் பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு ஆகியவற்றைக் கடந்து திருநட்டாலத்தில் ஓட்டம் முடிகிறது. திருவிதாங்கூர் என்னும் நாட்டின் பெயருக்கு மூலமான ஊர் திருவிதாங்கோடு என்பதையும் நினைவில் கொள்க.

சிவன் கோயில்களை நோக்கி ஓடுவோர் ‘கோவிந்தா, கோபாலா’ என்று திருமாலின் பெயரை முழங்குவது இவ்வோட்டத்தின் தனிச்சிறப்பு. இதனால் அவர்களைக் ‘கோவிந்தன்மார்’ என்று மக்கள் அழைக்கின்றனர். இதற்கு ஒரு கதை வழங்குகிறது. புருஷாமிருகம் என்னும் சிவபக்தரை அழைத்துவரச் சென்ற வீமன், திருமாலின் பெயரைச் சொல்லி அவருடைய சினத்தைத் தூண்டினான். அவர் துரத்தியபோதெல்லாம் கண்ணன் தந்த உருத்திராக்கம் ஒன்றைக் கீழே வைத்துவிட்டு ஓடினான். அது சிவலிங்கமாக மாற, அவர் நின்று வழிபட்டார். இவ்வாறு பன்னிரண்டு இடங்கள் உண்டாயின. இறுதியில் வீமனின் ஒரு கால் அவருடைய எல்லைக்குள்ளும் மற்றொரு கால் தன் எல்லைக்குள்ளும் இருந்தபோது பிடிபட்டான். வழக்கைக் கேட்ட தருமர், தம்பியென்றும் பாராமல், உடலில் பாதி புருஷாமிருகத்திற்கே உரியது என்று தீர்ப்பளித்தார். முடிவில் சிவனும் திருமாலும் ஒருவரே என்பது உணர்த்தப்பட்டது என்று கதை நிறைவுறுகிறது.

ஓட்டக்காரரின் உடைமைகள்

இன்றைய தட ஓட்டக்காரர் ஒருவரின் உடைமைகளைப் பாருங்கள். வழுக்காதிருக்க அடிப்பகுதியில் முண்டுமுண்டாக ரப்பர் பதித்த காலணி. தண்ணீரும் தின்பண்டமும் வைக்க முதுகில் ஒட்டிய சிறு பை. இரவில் வழி காட்ட நெற்றியில் கட்டும் விளக்கு. விரைவில் உலரும் மெல்லிய சட்டை.

கோவிந்தன்மாரின் உடைமைகள் இவற்றினும் எளியவை. காவி உடை, கழுத்தில் மாலை, கையில் பனையோலை விசிறி, ஒரு சிறு துணிப்பை. கோயில்தோறும் குளித்து, ஈர உடையுடன் வழிபட்டு, இறைவனுக்கு விசிறியால் வீசிவிட்டு அடுத்த கோயிலுக்கு ஓடுவர். வெயிலில் ஓடிவந்த உடலுக்கு அக்குளியலும் ஈர உடையும் குளிர்ச்சி தருகின்றன. தண்ணீர்ப் பையை அவர்கள் சுமப்பதில்லை. வழிநெடுக வாழும் மக்களே மோரும் சுக்குநீரும் கஞ்சியும் கொடுத்து உதவுகின்றனர். சுமை குறைவதற்குக் காரணம், ஊரார் அதைப் பகிர்ந்துகொள்வதே.

மரபுப்படி அவர்கள் வெறுங்காலுடன் ஓடுகின்றனர். வெறுங்காலில் நடந்து பழகியவரின் பாதத்தோல் தடித்து உறுதியாகும். நிலத்தின் மேடுபள்ளத்தையும் பாதம் உடனே உணரும். ஆனால் சிறு வயதிலிருந்தே காலணி அணிந்தவர் திடீரென வெறுங்காலுடன் நெடுந்தூரம் ஓடினால் பாத எலும்புகளில் விரிசல் ஏற்படக்கூடும். எந்தப் பழக்கத்தையும் சிறிது சிறிதாகவே உடலுக்குக் கற்பிக்க வேண்டும்.

உடல் சொல்லும் கணக்கு

நெடுந்தூர ஓட்டத்தில் விரைவைவிட அளவே முதன்மையானது. தசைகளிலும் கல்லீரலிலும் சேர்ந்துள்ள மாவுச்சத்து, விரைந்து ஓடினால் பலருக்குச் சுமார் 30 கிலோமீட்டரிலேயே குறையத் தொடங்கும். ஆகவே தேர்ந்தவர்கள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுகின்றனர். சிறிது சிறிதாக உண்கின்றனர். மேட்டில் ஓடுவதைவிட நடப்பதே அறிவுடைமை. அதனால் இதயத் துடிப்பு கட்டுக்குள் இருக்கும். இறக்கத்தில் தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குவதால் மறுநாள் வலி மிகுதியாகும். எனவே முழங்காலைச் சற்று மடக்கி, குறுகிய அடிகளாக வைத்து இறங்க வேண்டும்.

வியர்வையுடன் உப்பும் வெளியேறுகிறது. உப்பின்றித் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிப் பருகினால் குருதியில் உப்பின் அளவு குறைந்து உயிருக்கே இடர் நேரலாம். உப்பிட்ட கஞ்சியும் மோரும் நீர், உப்பு, ஆற்றல் மூன்றையும் ஒருசேரத் தருகின்றன. வழியோரத்தில் அவற்றை ஊற்றித் தரும் முதியவர்களுக்கு இது அனுபவத்தால் வாய்த்த அறிவு.

போட்டி இல்லாத ஓட்டம்

இவ்வோட்டத்தில் முதற்பரிசு இல்லை. நேரத்தைக் குறிப்பவரும் இல்லை. பின்தங்கியவரைத் தோழர்கள் காத்திருந்து அழைத்துச் செல்கின்றனர். பொழுதுபோக்காக ஓடும் தட ஓட்டக்காரர்களின் மனநிலையும் பெரும்பாலும் இத்தகையதே. பிறரை முந்துவதைவிடத் தன் களைப்பை அறிந்து, அதனோடு பொறுமையாகப் பழகுவதே அவர்களுக்கு மகிழ்ச்சி. பறவையின் குரலும் மண்ணின் மணமும் அவர்கள் பெறும் பரிசுகள்.

எல்லையும் பாதையும்

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைக்கப்பட்டன. அதுவரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்த விளவங்கோடு, கல்குளம் ஆகியவை அன்றைய சென்னை மாநிலத்தில் சேர்ந்தன; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. கல்குளம் கோயில் அமைந்த பத்மநாபபுரம் தமிழ்நாட்டில் உள்ளது. அங்குள்ள அரண்மனையையோ கேரள அரசு பராமரிக்கிறது. எல்லைக்கோடு வரைபடத்தில் விழுந்தபின்னும் களியக்காவிளையைக் கடந்து இவ்வோட்டத்திற்குச் செல்வோர் உள்ளனர். தொழிலின் பொருட்டு இங்குக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளாகிய நீங்களும், வீட்டில் ஒரு மொழியும் வீதியில் ஒரு மொழியுமாக, இரு எல்லைகளிலும் கால் வைத்து வாழ்கிறீர்கள். ஓட்டம், வழி என்னும் சொற்கள் இரு மொழிக்கும் பொதுவானவை.

இன்று நடந்தும் ஓடியும் செல்வோருடன், வாகனங்களில் பன்னிரு கோயில்களையும் சுற்றிவருவோரும் மிகுந்துள்ளனர். மண்பாதைகள் பல தார்ச்சாலைகளாகிவிட்டன. நண்பகலில் தார் சுடுகிறது. இரவில் வண்டிகளின் வேகம் அச்சுறுத்துகிறது. கோயில்கள் கல்லால் ஆனவை. அவை நிலைத்து நிற்கும். பாதையோ மனிதர் நடக்கும் வரைதான் பாதை. நடப்பார் இல்லையெனில் புல் மூடிவிடும். அல்லது மதில் எழுந்துவிடும். உங்கள் ஊரில் எஞ்சியுள்ள ஓர் ஒற்றையடிப் பாதையில் பெரியவர்களின் துணையோடு நடந்து பாருங்கள். அது எங்கே தொடங்குகிறது, யாருடைய தோப்பைக் கடக்கிறது, எங்கே முடிகிறது என்பதை அறிந்தவரே அவ்வூரை அறிந்தவர்.

சொல்லும் பொருளும்

குடைவரை – பாறையைக் குடைந்து அமைத்தது
உடைமை – ஒருவரிடம் உள்ள பொருள்
குருதி – இரத்தம்
இடர் – துன்பம்
மதில் – சுற்றுச்சுவர்

பயிற்சி

1. சிவாலய ஓட்டம் எவ்வூரில் தொடங்கி எவ்வூரில் முடிகிறது?
2. நெடுந்தூரம் ஓடுவோருக்கு உப்பிட்ட கஞ்சி ஏற்ற உணவாவது ஏன்?
3. தருமரின் தீர்ப்பு நடுநிலையானதா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
4. தமிழிலும் மலையாளத்திலும் ஒரே பொருளில் வழங்கும் சொற்கள் பத்தினைப் பெற்றோரிடம் கேட்டுத் தொகுக்க.
5. உம் வீட்டிலிருந்து பள்ளி வரையுள்ள வழியை வரைபடமாக வரைந்து, அதில் மண்பாதை, தார்ச்சாலை, நீர்நிலை ஆகியவற்றைக் குறிக்க.