மாலில் தொங்கும் நம்ம ஊர் பனியன்... துபாய்க்குக் குடிபோன திருப்பூர் குடும்பங்களுக்கு!

கோயம்புத்தூரில் விமானம் ஏறினால் சில மணி நேரத்தில் ஷார்ஜா. பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர், அக்கவுன்ட்ஸ், லாஜிஸ்டிக்ஸ் என்று ஏதாவது ஒரு வேலையில் கணவர் முதலில் போய்ச் சேருவார். வீடு, விசா எல்லாம் சரியானதும் மனைவியும் குழந்தைகளும் கிளம்புவார்கள். போய் இறங்கிய முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வரும்: ‘`குழந்தைகளை எங்கே கூட்டிட்டுப் போறது?’'

ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பூங்காவில் சறுக்குமரத்தைத் தொடவே முடியாது. அதனால் மால்தான் பூங்கா, தெரு, திருவிழா எல்லாமே. ஆனால், குழந்தையோடு மாலுக்குப் போவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும். இல்லாவிட்டால் பர்ஸும் காலியாகும், நிம்மதியும் போகும்.

பார்க்கக் காசு வேண்டாம்!

அமீரகத்தில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள மாதச் சம்பளம் குறைந்தது 4,000 திர்ஹாம் இருக்க வேண்டும். கம்பெனியே வீடு கொடுத்தால் 3,000 போதும். அந்த எல்லைக்குப் பக்கத்தில் சம்பளம் வாங்குபவர்கள் வாடகை, பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மாலில் செலவழிக்க மிச்சம் வைப்பது கஷ்டம்.

நல்லவேளையாக, பெரிய மால்களின் பெரிய வேடிக்கைகளில் பல இலவசம். 2008 நவம்பரில் திறந்த துபாய் மாலில் சுமார் ஒரு கோடி லிட்டர் தண்ணீர் கொண்ட மீன் தொட்டி இருக்கிறது. சுரங்கத்துக்குள் நடக்கத்தான் டிக்கெட். முன்பக்கக் கண்ணாடி வழியாகச் சுறாவையும் திருக்கை மீனையும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சும்மா பார்க்கலாம். 2005-ல் வந்த மால் ஆஃப் தி எமிரேட்ஸில் பனிச்சறுக்கு மைதானத்தைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ரசிக்கலாம்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே, ‘`இன்னிக்குப் பார்க்கத்தான் போறோம். வாங்குற நாள் வேற’' என்று சொல்லிவிடுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட இது புரியும். வாசலில் சொல்லாததைப் பொம்மைக் கடை முன்னால் சொன்னால்தான் அழுகை வரும். வயிறு நிறையச் சாப்பிட வைத்து, தண்ணீர் பாட்டிலோடு கிளம்பினால் ஃபுட் கோர்ட் செலவில் பாதி குறையும்.

‘அம்மா பேரு அம்மா’

கூட்டத்தில் குழந்தை கை நழுவிப் போவது ஒரு நிமிட வேலை. ஊரில் என்றால் யாராவது தமிழில் விசாரிப்பார்கள். அங்கே செக்யூரிட்டி ஆங்கிலத்திலோ இந்தியிலோ அரபியிலோ கேட்பார். ‘`அம்மா பேரு என்ன?’' என்று கேட்டால், ‘`அம்மா’' என்றுதான் பல குழந்தைகள் சொல்லும். எனவே...

• பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா, அம்மா பெயரைச் சொல்லப் பழக்குங்கள்.

• ஊர் நம்பரை மனப்பாடம் செய்த குழந்தைக்குப் புது நம்பரையும் பாட்டு மாதிரி சொல்லிக்கொடுங்கள். சின்னக் குழந்தை என்றால் சீட்டில் எழுதிப் பாக்கெட்டில் வையுங்கள்.

• ‘ஐ ஆம் லாஸ்ட், ப்ளீஸ் கால் மை மதர்’ என்ற ஒரு வாக்கியம் போதும். வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லிப் பார்க்கட்டும்.

• காணாமல் போனால் தேடி ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்கவும், யூனிஃபார்ம் போட்டவரிடமோ பில் போடுபவரிடமோ சொல்லவும் பழக்குங்கள்.

• உள்ளே நுழையும்போது குழந்தையை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அன்று போட்ட சட்டை நிறம் பதற்றத்தில் மறந்துபோகும்.

போட்டோ எடுக்கும்போது கவனம். அனுமதி இல்லாமல் பிறரைப் படம் எடுப்பது அங்கே சட்டப்படி குற்றம். போலீஸ் உதவிக்கு 999.

கயிறு இல்லாத ஹூடி

எஸ்கலேட்டரில் குழந்தையை நடுவில் நிறுத்தி, கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மிருதுவான ரப்பர் செருப்பு ஓரத்தில் சிக்கும். ஸ்ட்ரோலருக்கு லிஃப்ட்தான்.

திருப்பூரில் செக்கிங் டேபிளில் உட்கார்ந்தவர்களுக்கு இது ஓரளவு தெரிந்த விஷயமே. ஐரோப்பாவுக்குப் போகும் சின்னக் குழந்தைகளின் ஹூடியில் கழுத்துப் பக்கம் கயிறு வைக்க மாட்டார்கள். சறுக்குமரத்திலும் கதவிலும் கயிறு மாட்டிக் குழந்தைகள் இறந்த பிறகு வந்த பாதுகாப்பு விதி அது. உடைந்த ஊசி முனை இருக்கிறதா என்று மெஷினில் விட்டுப் பார்ப்பதும், பட்டனை இழுத்துப் பார்ப்பதும் அதற்காகத்தான். உங்கள் குழந்தைக்கு வாங்கும்போதும் அதே கண்ணோடு பாருங்கள்.

அம்மாவுக்கும் ஒரு நாள்

எல்லோரும் குழந்தையைப் பற்றியே பேசுவார்கள். திருப்பூரில் சனிக்கிழமை ஆனால் தன் கையில் சம்பளம் வாங்கிய பெண், அங்கே போய் ஒரு ஜூஸுக்குக் கணவரிடம் கேட்டு நிற்கிறார். அவர் வேலைக்குப் போன பிறகு நாள் முழுக்க நாலு சுவர். இந்த வருத்தம் வெளியே தெரியாது. குழந்தை மேல் கோபமாகத்தான் வெடிக்கும்.

கணவர்களே... மாதத் தொடக்கத்தில் கணக்குக் கேட்காத ஒரு சிறு தொகையை மனைவி கையில் கொடுங்கள். மெட்ரோவில் தனியாகப் போக ஒருமுறை கூடப் போய்க் காட்டுங்கள். 2009-ல் ஓடத் தொடங்கிய துபாய் மெட்ரோவில் பெண்கள், குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் உள்ளே பிரிக்க வேண்டாம். மெட்ரோவில் சாப்பிட்டால் அபராதம்.

வார நாள் காலையில் மால் அமைதியாக இருக்கும். 2025 ஆகஸ்ட்டில் துபாய் அரசே காலை வேளையில் மால்களுக்குள் நடைப்பயிற்சிக்கு ஏற்பாடு செய்தது. ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு ஒரு சுற்று நடந்தால், அதே போல வரும் இன்னொரு அம்மா கண்ணில் படுவார். அவர் கேரளாவோ, பாகிஸ்தானோ, பிலிப்பைன்ஸோ... ‘எந்த ஸ்கூல்ல சேர்த்தீங்க?’ என்ற ஒரு கேள்வியில் நட்பு தொடங்கிவிடும்.

லேபிளைத் திருப்பிக் காட்டுங்கள்

இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் திருப்பூரிலிருந்து போகிறது. 2024-25-ல் அதன் மதிப்பு சுமார் 40,000 கோடி ரூபாய். 2022 மே 1 முதல் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தால் நம் ஆடைகளுக்கு அமீரகத்தில் இறக்குமதி வரியும் இல்லை.

அதனால், துணிக்கடையில் காட்டன் டி-ஷர்ட்டின் உள்பக்க லேபிளைக் குழந்தையிடம் திருப்பிக் காட்டுங்கள். ‘மேட் இன் இந்தியா’ என்றிருந்தால், ‘`இது நம்ம ஊர்ல தைச்சதா இருக்கலாம்டா. பெரியம்மா மாதிரி ஒருத்தர் ஓவர்லாக் அடிச்சிருப்பாங்க’' என்று சொல்லுங்கள். அந்தப் பளபளப்பான கடையில் தானும் வெறும் வேடிக்கை பார்க்க வந்த ஆள் இல்லை என்பது குழந்தைக்குப் புரியும். அதற்குப் பில் போட வேண்டியதில்லை!