துடைப்பதற்கு முன் தமிழை எடுத்து வையுங்கள்

நம் வீட்டுக் கணினி – 6

சென்ற வாரம் பழைய மேசைக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி பொருத்துவதைப் பார்த்தோம். இந்த வாரம் அதில் புதிய இயங்குதளத்தை ஏற்ற வேண்டும். ஏற்றுவது ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரத்துக்குள் அடங்கிவிடும் வேலை. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய காரியம்தான் பெரிது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குப் பக்கத்தில் ஒரு சங்க அலுவலகம். அங்கே டெல் ஆப்டிபிளெக்ஸ் 7010 ஒன்று இருக்கிறது. மூன்றாம் தலைமுறை ஐ5 சில்லு, 2012 வாக்கில் வந்த மாதிரி. ஓடிக்கொண்டிருந்தது விண்டோஸ் 10. அதற்கான இலவசப் பாதுகாப்பு மேம்பாடுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. கடையில் கேட்டபோது, "இது லெவன் எடுக்காது, புதுசா வாங்கிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். இந்தப் பெட்டியில் இருப்பது டிபிஎம் 1.2. ஆனால் விண்டோஸ் 11 ஏறாது என்பதற்காகக் கணினியே செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நான் பெண்டிரைவைச் செருகப் போனதும் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இதிலே இருபது வருஷத்துக் கூட்டக் குறிப்பு இருக்கு. எல்லாம் பழைய கம்ப்யூட்டர்லருந்து ஏத்தினது. இதைத் துடைச்சுட்டா நான் யார்கிட்டப் போய் கேட்பேன்?"

"நகல் எடுத்துடலாங்கய்யா" என்றேன்.

"நகல் எடுத்து என்ன பண்றது? தொறந்தா படிக்க முடியலையே!"

அவர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். தலையில் புள்ளியும் கோடும் வைத்த ரோமன் எழுத்துகள் வரிவரியாக ஓடின. நடுவில் தேதிகளும் தொலைபேசி எண்களும் மட்டும் ஒழுங்காக இருந்தன. அந்த எண்களைப் பார்த்ததுமே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

கணினித் தமிழில் மலேசியா பின்தங்கி நின்ற நாடல்ல. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1980-களின் நடுவிலேயே 'முரசு' மென்பொருளை இங்கே உருவாக்கத் தொடங்கினார். அது பிறகு 'முரசு அஞ்சல்' ஆயிற்று. சென்னையில் 1999-இல் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளையும் அறிவித்தது. உலகெங்கும் இருந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சலில் கூடிப் பேசி உருவாக்கிய திஸ்கி இன்னொரு பக்கம் ஓடியது. 2001 தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில்தான் நடந்தது. ஆக, நம் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் சங்கங்களும் யூனிகோடு பரவுவதற்கு முன்பே கணினியில் தமிழ் அடிக்கத் தொடங்கிவிட்டன. முந்திக்கொண்டதற்கான விலையை இப்போது கொடுக்கிறோம்.

அந்த நாள் எழுத்துருக்கள் ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. கோப்புக்குள் இருப்பது வெறும் எண்கள். எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்பது எழுத்துருவுக்குத்தான் தெரியும். எழுத்துரு போனால் தமிழும் போயிற்று. ஆகவே பழைய கணினியைத் துடைக்கும் முன் ஆவணங்களை மட்டும் நகல் எடுத்தால் போதாது. சி டிரைவில் விண்டோஸ் கோப்புறைக்குள் 'ஃபான்ட்ஸ்' என்றொரு கோப்புறை இருக்கும். அதையும் முழுதாக நகலெடுங்கள். 

அடுத்தது பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவது. என்எச்எம் கன்வெர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் ஆகிய இரண்டும் இதற்கு உதவும், இரண்டும் இலவசம். எந்த முறையிலிருந்து மாற்றுகிறோம் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். செயலாளரின் கோப்பில் எண்கள் கெடாமல் இருந்தன என்றேன் அல்லவா? திஸ்கியும் டாப்பும் ஆங்கில எழுத்துகளையும் எண்களையும் அவற்றின் இடத்திலேயே விட்டுவைத்து, தமிழைப் புள்ளியும் கோடும் வைத்த ரோமன் எழுத்துகளின் இடத்தில் ஏற்றியவை. அதனால் கலப்பு ஆவணங்களை முழுதாக மாற்றலாம். இலங்கைத் தமிழரிடையே பரவியிருந்த பாமினி அப்படியல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தையே தமிழுக்கு எடுத்துக்கொண்டது. பிரிக்பீல்ட்ஸில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை ஒன்றின் பழைய கோப்புகள் பாமினியில் இருந்தன. முழுப் பக்கத்தையும் மாற்றியில் போட்டதும் மண்டபத்தின் ஆங்கில முகவரி உளறல் தமிழாகிவிட்டது. பாமினி என்றால் தமிழ் வரிகளை மட்டும் தனியே எடுத்து மாற்றுங்கள்.

மாற்றிய பின் கொம்பு உள்ள சொற்களைக் கட்டாயம் பாருங்கள். பழைய முறைகளில் கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி கொம்பு முதலிலும் மெய் பிறகும் சேமிக்கப்பட்டன. யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. முறையைத் தவறாகத் தேர்ந்தால் 'கோலாலம்பூர்', 'பொருளாளர்' போன்ற சொற்களில்தான் முதலில் தெரியும். செயலாளர் ஐயா பத்துப் பதினைந்து பெயர்களைத் தன் பழைய தட்டச்சுப் பிரதியோடு விரல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்.

இப்போது இயங்குதளம். டிபிஎம் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11-ஐ ஏற்ற ரூஃபஸ் போன்ற கருவிகளில் வழியுண்டு. ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு மேம்பாடுகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பொதுப் பணத்துக் கணக்கு இருக்கும் கணினியில் அதைச் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன். அதைவிடப் பழைய கோர் 2 டுவோ கணினிகளில் 24எச்2 பதிப்பு எழும்பவே எழும்பாது. எஸ்க்யூஎல் அக்கவுண்டிங், ஆட்டோகவுண்ட் போன்ற கணக்கு மென்பொருள்களை நம்பியிருப்பவர்களுக்கு விண்டோஸ் வேண்டும். அவர்கள், சொந்தக் கணினி என்றால், மைக்ரோசாஃப்ட் வீட்டுப் பயனர்களுக்குத் தரும் பாதுகாப்பு மேம்பாட்டு நீட்டிப்பில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை விண்டோஸ் 10-ஐ ஓட்டலாம்; அதற்குள் வேறு கணினிக்குப் பணம் சேர்க்கட்டும். கடிதம், கூட்டக் குறிப்பு, யூடியூப் என்று இருப்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ பதிப்பே போதும், 2029 வரை ஆதரவு உண்டு. 2 ஜிபி நினைவகத்தில் ஓடும் என்பார்கள். 4 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மின்ட் கோப்பைப் பதிவிறக்கி ரூஃபஸ் கொண்டு பெண்டிரைவில் எழுதுங்கள். டெல் கணினியை முடுக்கியதும் எஃப்12 விசையைத் தட்டி, பட்டியலில் பெண்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். மின்ட் வட்டைத் தொடாமலேயே பெண்டிரைவிலிருந்து எழும்பும். அந்த நிலையிலேயே அச்சுப்பொறியும் வைஃபையும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். எல்லாம் சரி என்றால்தான் நிறுவும் பொத்தானை அழுத்த வேண்டும்.

சங்கக் கணினியில் நிறுவி முடித்த பிறகும் எந்த இணையதளமும் திறக்கவில்லை. பாதுகாப்பு எச்சரிக்கையே வந்துகொண்டிருந்தது. தேதியைப் பார்த்தால் பல ஆண்டுகள் பின்னால் நின்றது. தாய்ப்பலகையில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருந்தது. தேதி தவறானால் இணையதளங்களின் சான்றிதழ்களை உலாவி நம்பாது. சில ரிங்கிட்டுக்கு பேட்டரி வாங்கிப் போட்டு, தேதியைச் சரிசெய்ததும் எல்லாம் திறந்தது.

தமிழ் அடிக்க, மின்ட்டின் விசைப்பலகை அமைப்பில் தமிழ்99 ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கில ஒலிப்படி அடிப்பவர்கள் ஐபஸ் மென்பொருளோடு எம்17என் தொகுப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். பழைய எழுத்துருக்களையும் மின்ட்டில் நிறுவி வையுங்கள். மாற்றாமல் விட்ட கோப்பு பின்னர் கிடைத்தால் படிக்கலாம்.

உலகம் முழுதும் 2022-இல் மட்டும் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்ததாக ஐநா அமைப்புகளின் அறிக்கை கணக்கிட்டது. முறையாகச் சேகரிக்கப்பட்டதாகப் பதிவானது அதில் கால்வாசிகூட இல்லை. வெளிநாட்டு மின்கழிவு கொள்கலன் கொள்கலனாகப் பிடிபடும் கிள்ளான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழும் நாம், ஓடக்கூடிய கணினியை அந்தக் குவியலில் சேர்ப்பது நியாயமில்லை.

உங்கள் கோயிலிலோ தமிழ்ப்பள்ளியிலோ வாசகர் வட்டத்திலோ பழைய கணினி மூலையில் கிடந்தால், எறிவதற்கு முன் ஒருமுறை முடுக்கிப் பாருங்கள். புரியாத எழுத்தில் ஒரு கோப்பு திறந்தால் அதை அழித்துவிடாதீர்கள். எழுத்துருக் கோப்புறையோடு சேர்த்து ஒரு பெண்டிரைவில் எடுத்து, விஷயம் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள்.

(தொடரும்)