சிசி குறைந்தால் பெட்ரோல் மிச்சமா?

மாருதி வேகன்ஆர் இரண்டு பெட்ரோல் எஞ்சின்களில் கிடைக்கிறது. ஒன்று 998 சிசி, மூன்று சிலிண்டர். மற்றது 1197 சிசி, நான்கு சிலிண்டர். கொள்ளளவில் ஏறக்குறைய 20 சதவீத வித்தியாசம். ஆனால் 2022 மாடலின் மேனுவல் கியர் வண்டிகளுக்கு அறிவிக்கப்பட்ட மைலேஜ், சிறியதற்கு லிட்டருக்கு 24.35 கிலோமீட்டர், பெரியதற்கு 23.56. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஒன்றரை லிட்டர்கூட மிச்சமாகாது. ‘சிசி கூடினால் பெட்ரோல் குடிக்கும்’ என்ற பழைய கணக்கு இங்கேயே ஆட்டம் காண்கிறது.

அந்தக் கணக்கு முழுப் பொய்யும் இல்லை. ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கும்போது எஞ்சினுக்குக் காற்று போகும் வழியை த்ராட்டில் வால்வு பெரும்பகுதி அடைத்திருக்கும். அந்த இடுக்கு வழியே காற்றை இழுக்கவே பிஸ்டன்கள் சக்தியை விரயமாக்குகின்றன. நகர நெரிசலில் ஊர்ந்து போகும்போது பெரிய எஞ்சினில் இந்த விரயம் அதிகம், உராய்வும் அதிகம். சிக்னலில் சும்மா நிற்கும்போதும் அதற்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். தனியாக அலுவலகம் போய் வருகிறவருக்குச் சின்ன எஞ்சின் லாபம்தான்.

அதே வண்டியில் ஐந்து பேர் ஏறி, டிக்கியை நிரப்பி, ஏசியும் போட்டு, வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலையேறினால் நிலைமை மாறிவிடும். சிறிய எஞ்சின் இழுக்கத் திணறும். ஓட்டுநர் கியரைக் குறைத்துக்கொண்டே வருவார். ஆர்பிஎம் எகிறும், அதோடு உராய்வும் ஏறும். முழு பலத்தில் ஓடும்போது சூடு எல்லை மீறாமலிருக்க, எரிவதற்குத் தேவையானதைவிடக் கூடுதலாகவே பெட்ரோலைச் செலுத்தும் எஞ்சின்கள் பல. ஒரு லிட்டர் டர்போ கார்கள் ஏமாற்றமளிப்பதாகச் சிலர் குறைப்படுவதற்கும் இதுவே முக்கியக் காரணம். மென்மையாக ஓட்டினால் அது சின்ன எஞ்சின். அழுத்தி மிதித்தால் டர்போ காற்றைத் திணிக்கும், பெட்ரோலும் அதற்கேற்பக் கூடும். ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2017-இல் கோல்ஃப் காரில் 1.4 லிட்டர் டர்போவுக்குப் பதிலாகக் கொள்ளளவைக் கூட்டி 1.5 லிட்டர் எஞ்சினைக் கொண்டுவந்தது. பாரம் குறைவாக இருக்கும்போது அது நான்கில் இரண்டு சிலிண்டர்களை நிறுத்திவைத்துவிடும்.

நிறுவனங்கள் அறிவிக்கும் சான்றிதழ் மைலேஜை அளப்பது ஆய்வகத்தில். நின்ற இடத்திலேயே உருளைகள் மீது சக்கரங்கள் சுழலும். சோதனை சுமார் 20 நிமிடம். உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர், சராசரி 30-ஐ ஒட்டித்தான். வேகம் நிதானமாக ஏறும், ஏசி அணைந்திருக்கும். காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவது. சென்னை–திருச்சி சாலையில் 110-இல் பறக்கிறவருக்கு அந்தச் சோதனை எண் கிடைக்க வழியே இல்லை. போதாக்குறைக்கு, இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலில், அதே அளவு பெட்ரோலைவிட ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு.

சிசி மட்டுமே மைலேஜைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு எல்லாவற்றையும்விடத் தெளிவான சாட்சி டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ். ஹைபிரிட், ஹைபிரிட் அல்லாதது இரண்டிலும் எஞ்சின் 1987 சிசிதான். சாதாரண வண்டிக்கு அறிவிக்கப்பட்ட மைலேஜ் 16.13, ஹைபிரிடுக்கு 23.24. அதாவது, ஏறக்குறைய இரு மடங்கு எடையுள்ள வண்டி 1.2 லிட்டர் வேகன்ஆரைத் தொட்டுவிடுகிறது! நெரிசலில் மின்மோட்டார் பொறுப்பேற்று, எஞ்சினை அது சிக்கனமாக ஓடும் நிலையில் மட்டுமே வேலை வாங்குவதால் வரும் பலன் இது.

இந்தியச் சாலைகளில் 1197, 1199 சிசி கார்கள் குவிந்திருப்பதற்குப் பின்னால் இருப்பது வரி. 2006 பட்ஜெட்டில், 4 மீட்டருக்கும் 1200 சிசிக்கும் மிகாத பெட்ரோல் கார்களுக்கு உற்பத்தி வரி 24-இலிருந்து 16 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் மாறிய ஜிஎஸ்டியிலும் அதே எல்லைக்கோடுதான்: உள்ளே 18, வெளியே 40 சதவீதம். எனவே வாங்குகிறவர் சிசியைப் பார்த்து மைலேஜை ஊகிப்பதில் பயனில்லை. மனைவி மக்களோடு, ஏசி போட்டு, ஒரு மேம்பாலம் ஏறி இறங்கி ஓட்டிப் பார்ப்பது நல்லது. வாங்கிய பிறகு, டேங்கை நிரப்பி, தீரும்வரை ஓட்டாமல் பாதியில் அதே பங்கில் மறுபடி நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை அப்போது பிடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். இரண்டு மூன்று முறை செய்தால் அந்த வண்டியின் உண்மையான எண் தெரிந்துவிடும்.